நீங்கள் போய் வாருங்கள்

2024 ஜனவரி 17, காணும் பொங்கல். காலை ஒன்பது மணி இருக்கும். வாசலில் கார் தயாராக நின்றது. மருமகள் புளியோதரைத் தூக்கையும் தயிர்சாதத் தூக்கையும் பின்னால் வைத்துவிட்டுத் தண்ணீர் பாட்டில்களை எண்ணிக்கொண்டிருந்தாள். முன்சீட்டுக்காக அண்ணனோடு சண்டை போட்டுத் தோற்ற பேத்தி, பின்சீட்டில் உம்மென்று உட்கார்ந்திருந்தாள். என் மனைவி அவளுக்குப் பக்கத்தில் ஏறியாகிவிட்டது. அவளுக்கு என்னைவிட ஆறு வயது குறைவு. கால் இன்னும் அவள் பேச்சைக் கேட்கிறது. மகன் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே என் அறை வாசலில் வந்து நின்று, "அப்பா, நீங்களும் வர்றீங்களா? மெரினாவுக்குத்தான்" என்றான்.

"எனக்கு எதுக்குப்பா அந்தக் கூட்டம்? நீங்க போயிட்டு வாங்க. நான் வீட்டைப் பார்த்துக்கறேன்" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் அது என் காதில் விழுந்தது. அது என் வாக்கியமில்லை, என் அம்மாவுடையது. சொல்லுக்குச் சொல், இழுப்புக்கு இழுப்பு அவளுடையது. பித்தளை அண்டாவை விட்டுப்போனது போல இதையும் எனக்கு விட்டுப்போயிருக்கிறாள்.

கார் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றேன். திரும்பிய பிறகும் கொஞ்ச நேரம் நின்றேன். அந்தக் கொஞ்ச நேரம்தான் என்னை இதை எழுத வைக்கிறது. நான் சொன்னது மெய்யா, பொய்யா? முழங்கால் வலிப்பது மெய். கூட்டம் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்பதும் மெய். ஆனால் மகன் இன்னொரு முறை கூப்பிட்டிருந்தால் வேட்டி மாற்றிக்கொள்ள உள்ளே போயிருப்பேன் என்பதும் மெய்தான்.

காணும் பொங்கல் என்று பெயர் வைத்தவர்கள் எதைக் காணச் சொன்னார்கள் என்பதை நாம் ஏறக்குறைய மறந்துவிட்டோம். உற்றார் உறவினரைக் காணவேண்டிய நாள் அது. பெரியவர்கள் இருக்கும் வீடு தேடிப் போய், காலில் விழுந்து, ஆசியும் கையில் கொஞ்சம் காசும் பெற்று வருவார்கள். கிராமங்களில் இன்றைக்கும் அது அடியோடு போய்விடவில்லை. பட்டணத்திலோ மனிதர்களைக் காணும் நாள் இடங்களைக் காணும் நாளாக மாறிவிட்டது. மெரினா, மாமல்லபுரம், வண்டலூர் என்று ஜனங்கள் புறப்பட்டுவிடுகிறார்கள். அன்றைக்கு மெரினாவில் தண்ணீரில் இறங்கவிடாமல் போலீசார் தடுப்புக் கட்டிவிடுவார்கள். குழந்தைகளின் மணிக்கட்டில் பெற்றோரின் தொலைபேசி எண் எழுதிய பட்டையைக் கட்டி விடுவார்கள். கூட்டத்தில் பிள்ளை தவறிப்போனால் ஒப்படைக்க வேண்டுமே! இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. வருஷம் முழுவதும் ஓர் அறையும் ஒரு சமையற்கட்டுமாக வாழ்கிறவனுக்குக் கடலைப்போல் வேறு என்ன வேண்டும்? ஆனால், மனிதர்களைக் காண வேண்டிய நாளில் இடத்தைக் காணப் புறப்படும்போது, புறப்பட முடியாத மனிதர் ஒருவர் வீட்டில் மிஞ்சுகிறார். நான் கவலைப்படுவது அவரைப்பற்றி.

1987-ஆம் ஆண்டு காணும் பொங்கலுக்கு நாங்கள் மாமல்லபுரம் போனோம். அந்தக் கதையைச் சொன்னால் நான் கேட்பது விளங்கும். திருச்சியிலிருந்து தங்கையும் அவள் கணவரும் இரண்டு குழந்தைகளோடு வந்திருந்தார்கள். நாங்கள் நாலு பேர். ஒரு வாடகை அம்பாசடர். டிரைவரோடு ஒன்பது பேர் என்றால் அம்பாசடருக்கே மூச்சு முட்டும். அந்தக் காலத்தில் யாரும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை. அம்மா விடியற்காலை நாலு மணிக்கே எழுந்து, தான் போகாத பயணத்துக்காகத் துவையல் அரைத்துக்கொண்டிருந்தாள். குழந்தைகள் ஏறி, கூடை ஏறி, கூஜா ஏறி, நான் செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டேன்: "நீயும் வர்றியாம்மா?"

"என் காலுக்கு அந்த மணல்லே நடக்க முடியுமா? நீங்க போயிட்டு வாங்க. நான் வீட்டைப் பார்த்துக்கறேன்."

எனக்கு அப்போது ஏற்பட்டது என்ன தெரியுமா? வருத்தமல்ல, நிம்மதி. இதை ஒப்புக்கொள்ள எனக்கு இத்தனை ஆண்டு ஆகியிருக்கிறது. அதைவிட மோசமானது, அந்த நிம்மதிக்கு நான் சூட்டிய பெயர். "அம்மாவின் விருப்பத்துக்கு நாம் மதிப்புக் கொடுக்க வேண்டும்" என்று வழியில் தங்கையிடம் சொன்னேன்!

நமக்குச் சாதகமான சொல்லை நாம் எவ்வளவு சீக்கிரம் நம்பிவிடுகிறோம்! கடன் கொடுத்தவன், "அவசரமில்லை, மெதுவாகக் கொடு" என்றால் அதில் சந்தேகமே வருவதில்லை. நம்மிடம் கடன் வாங்கியவன், "அடுத்த மாசம் தருகிறேன்" என்றாலோ குரல், முகம், பார்வை எல்லாவற்றையும் சோதிக்கிறோம். சொல்வதற்கு அப்பாலுள்ள மனத்தைப் படிக்கத் தெரியாதவர்கள் அல்ல நாம். எப்போது படிப்பது, எப்போது புத்தகத்தை மூடிவிடுவது என்பது நமக்கு நன்றாகத் தெரியும். கதாபாத்திரங்களின் ஆழ்மனத்தைப் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்த நான், அன்று காலை என் தாயாரின் மேல்வாக்கியத்தோடு நின்றுகொண்டேன்.

பிற்பாடு ஒரு நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் என்னைக் கண்டித்தார். "வயதானவர் ஒருவர் வரவில்லை என்றால் வரவில்லை என்றுதான் பொருள். அதற்குள் இன்னொரு அர்த்தத்தைத் தேடுவது அவரைக் குழந்தையாக்குவது. உமக்கு நாவல் எழுதி எழுதி இந்த வியாதி வந்திருக்கிறது" என்றார். அவர் பேச்சில் நியாயமில்லாமல் இல்லை. ஒருவருடைய 'வேண்டாம்' எல்லாம் மறைந்திருக்கும் 'வேண்டும்' என்று எடுத்துக்கொள்ளத் தொடங்கினால் உலகத்தில் எத்தனை அக்கிரமங்கள் நடக்கும்!

ஆனால் அவர் அதைச் சொல்வதற்கு முன்பே நான் பரிகாரம் தேடப் புறப்பட்டிருந்தேன். 1988 காணும் பொங்கலுக்கு அம்மாவை விடாப்பிடியாக இழுத்துக்கொண்டு வண்டலூருக்குப் போனேன். மிருகக்காட்சிசாலை நகரத்திலிருந்து அங்கே மாறி 1985-இல்தான் திறந்திருந்தார்கள். ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட காடு. கால் மைல் நடப்பதற்குள் அம்மாவின் முகம் மாறிவிட்டது. நிழலாக ஓர் இடம் பார்த்து உட்கார வைத்தோம். "நீங்க போயிட்டு வாங்க. நான் பையைப் பார்த்துக்கறேன்" என்றாள். வீட்டில் வீட்டைக் காத்தவள் இங்கே பையைக் காத்தாள். வித்தியாசம் அவ்வளவுதான்.

மூன்று மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தால், அம்மாவுக்குப் பக்கத்தில் இன்னொரு அம்மாள். அவள் இன்னொரு குடும்பத்தின் பையைக் காத்துக்கொண்டிருந்தவள். இருவரும் வெற்றிலை மாற்றிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். "என்னம்மா பார்த்தே?" என்று கேட்டேன். "உன் பையைப் பார்த்தேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மெய்யாகவே அவளுக்கு அன்றைய பொழுது நன்றாகத்தான் போயிருந்தது. நான் ஏற்பாடு செய்த விதத்தில் போகவில்லை என்பதுதான் குறை. என் மனச்சாட்சிக்காக அவளை நடக்க வைத்தேனே தவிர அவளுக்காக அல்ல என்பது எனக்கே அப்போது தெரிந்துவிட்டது.

என் மனைவியின் கணக்கு தனி. மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசைப் பார்த்த ஞாபகம் அவளுக்கு இல்லை. அதற்குப் பக்கத்தில் எந்த மரத்தடியில் இலை போட்டோம், யாருக்குத் துவையல் போதவில்லை என்பது ஞாபகமிருக்கிறது. நாங்கள் எல்லோரும் விடுமுறை அனுபவித்தோம். அவள் சமையற்கட்டை முப்பது மைலுக்கு அப்பால் கொண்டுபோய் வைத்துக்கொண்டாள்.

அழைத்துப்போகாமல் விட்டாலும் தவறு, அழைத்துப்போனாலும் தவறு என்றால் மனிதன் என்னதான் செய்வது? இந்த இடத்தில் எனக்குச் சிலப்பதிகாரம் நினைவுக்கு வருகிறது. அதிலும் ஓர் உல்லாசப் பயணம் வருகிறது. இந்திரவிழா முடியும் தறுவாயில் புகார்க் கடற்கரைக்குக் கோவலன் அத்திரியில் ஏறிப் போகிறான். மாதவி வண்டியில் போகிறாள். புன்னை நிழலில் ஒன்றாக உட்காருகிறார்கள். யாழ் இருக்கிறது, கடல் இருக்கிறது, ஊரே மகிழ்ச்சியாக இருக்கிறது. அவன் பாடியதைக் கேட்டு, அவன் மனம் வேறொருத்தியிடம் இருக்கிறது என்று அவள் நினைத்துக்கொள்கிறாள். அவள் பதிலுக்குப் பாடியதைக் கேட்டு, அவள் மனம் வேறொருவனிடம் இருக்கிறது என்று அவன் நினைத்துக்கொள்கிறான். எழுந்து போய்விடுகிறான். அவள் தனியாக வண்டியேறித் திரும்புகிறாள். "என்ன பாடினாய், ஏன் பாடினாய்?" என்று இருவரில் ஒருவர் கேட்டிருந்தால் மதுரை எரிந்திராது, தமிழுக்கு ஒரு காப்பியமும் இல்லாமல் போயிருக்கும். இலக்கிய ரசிகர்கள் கேட்காததே நல்லது என்பார்கள். நான் அந்தப் புன்னை நிழலை நினைப்பதோடு அன்றைக்குப் புகாரில் ஒரு வீட்டில் தனியாக இருந்த கண்ணகியையும் நினைத்துக்கொள்கிறேன். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

கேட்பது என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு கேட்பதல்ல. காரில் இடம் நிறைந்த பிறகு "நீயும் வர்றியா?" என்று கேட்பது கேள்வியே அல்ல. அதற்கு உண்மையான பொருள், "நாங்கள் போனால் நீ வருத்தப்பட மாட்டாயே?" என்பதுதான். அம்மா அந்தக் கேள்விக்குத்தான் பதில் சொன்னாள். மிகவும் சரியாகச் சொன்னாள். "நீ எங்கே போக ஆசைப்படுகிறாய்?" என்று நான் கேட்டதும் இல்லை, ஆகவே அவள் பதில் சொன்னதும் இல்லை.

அதற்குப் பதில் 1996-இல் தற்செயலாக வந்தது. தொலைக்காட்சியில் ஏதோ பாட்டில் மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலைக் காட்டினார்கள். அம்மா திடீரென்று, "அந்தக் கோயில் மேலே அலை அடிக்குமா?" என்று கேட்டாள். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு! அன்றைக்குத் துவையல் அரைத்தபோதே அவள் மனத்தில் அந்தக் கேள்வி இருந்திருக்க வேண்டும். கடல் அரிக்காமல் இருக்கக் கோயிலைச் சுற்றிக் கற்களைப் போட்டு அரண் கட்டியிருக்கிறார்கள் என்று சொன்னேன். அவள் தலையாட்டினாள். அவ்வளவுதான்.

அந்த ஆடி மாதம், ஒரு புதன்கிழமை, பண்டிகையில்லை, லீவில்லை, அவளை மட்டும் அழைத்துக்கொண்டு போனேன். கோயிலைத் தொலைவிலிருந்தே ஐந்து நிமிஷம் பார்த்தாள். "போதும்" என்றாள். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. திரும்பும் வழியில் சாலையோரச் சிற்பக்கூடம் ஒன்றிலிருந்து உளிச்சத்தம் கேட்டது. "அங்கே கொஞ்சம் நிறுத்தச் சொல்லு" என்றாள். கீற்றுக் கொட்டகைக்குள் நாலைந்து பேர் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஒரு பையன் பிள்ளையாரின் காதைச் செதுக்கிக்கொண்டிருந்தான். யாரோ ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார்கள். அம்மா அதில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் அந்தக் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரு தட்டு தப்பாப் போச்சுன்னா என்னப்பா செய்வே?" என்று அந்தப் பையனிடம் கேட்டாள். அவன் சிரித்துவிட்டு, "தப்பாப் போகாதும்மா" என்றான். கடற்கரைக் கோயிலைவிட அந்தப் பதில்தான் அவளுக்குப் பெரிய காட்சி. வீட்டுக்கு வந்து ஒரு வாரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு உங்களோட வந்திருந்தா இதைப் பார்த்திருக்க முடியாதுப்பா" என்றும் சொன்னாள். ஆகவே 1987-இல் அவள் வரவில்லை என்று சொன்னது பொய் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. அந்தக் காருக்குள், அந்தக் கூட்டத்துக்குள் வர அவளுக்கு விருப்பமில்லைதான். விருப்பமிருந்தது வேறொன்றில்.

இந்த இடத்தில் அவள்மேலும் ஒரு குற்றம் சொல்லத்தான் வேண்டும். இறந்துபோனவள், தாய் என்பதற்காக விட்டுவிட முடியாது. நானும் இப்போது அதே குற்றத்தைச் செய்கிறேன் அல்லவா? ஒன்பது வருஷம் அவள் ஏன் வாயைத் திறக்கவில்லை? விட்டுக்கொடுப்பதை நாம் பெரிய குணம் என்கிறோம். ஆனால் எதை விட்டுக்கொடுத்தோம் என்பதை மறைத்துக்கொண்டு விட்டுக்கொடுப்பது, பிள்ளைகளின் கையெழுத்தை வாங்காமலே அவர்கள் பெயரில் கடன் பத்திரம் எழுதி வைப்பதற்குச் சமம். அவர்களுக்கு நன்றி சொல்லவும் வழியில்லை; மறுக்கவும் வழியில்லை. ஒருநாள் வாசலில் தனியாக நிற்கும்போது அந்தப் பத்திரம் அவர்கள் கைக்கு வந்து சேரும். எனக்கு வந்து சேர்ந்தது போல.

சாயங்காலம் ஏழு மணிக்கு எல்லோரும் திரும்பி வந்தார்கள். கால் நிறைய மணல். பேத்தியின் மணிக்கட்டில் போலீசார் கட்டிய பட்டை அப்படியே இருந்தது. கழற்றக் கூடாது என்று அழுதாள். மருமகள் தூக்குகளைக் கழுவப் போட்டுவிட்டு, அந்த மட்டும் மிச்சமில்லை என்று திருப்திப்பட்டுக்கொண்டாள். மகன் என் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்து, "தனியா போரடிச்சுதாப்பா?" என்று கேட்டான்.

"இல்லை" என்று சொல்ல வாயெடுத்தேன். நிறுத்திக்கொண்டேன்.

"கொஞ்சம் அடிச்சுது" என்றேன். "அடுத்த மாசம் ஒரு நாள், லீவு நாளா இல்லாம, மாமல்லபுரம் போகணும். கோயிலுக்கு இல்லே. வழியிலே சிற்பக்கூடம் இருக்கும். அங்கே."

"அங்கே என்னப்பா இருக்கு?" என்றான்.

சொல்லத் தொடங்கினேன்.