கொடாததைக் கொள்ளலாமோ?

சென்ற ஆண்டு, நான் உறுப்பினனாக உள்ள சிறியதோர் அறநிலையத்தில், நன்கொடையாளர்களின் கருத்தறியக் கணக்கெடுப்பு ஒன்று நடத்துவதென முடிவாயிற்று. வினாப்படிவம் வரையும் பணி என்பால் வந்தது. பதினான்கு வினாக்கள் எழுதினேன். பதினோராவது வினா, குடும்பத்தின் மாத வருமானம் யாது என்பது. மூத்த உறுப்பினர் ஒருவர் மட்டும், "இதை அறிந்து நாம் என்ன செய்யப் போகிறோம்?" என்று வினவினார். நான் வாளாவிருந்தேன். விடை எனக்குத் தெரியாமலில்லை; சொல்லத்தான் நாணமாயிருந்தது.

கணக்கெடுப்பு தகாததென்று கூற வரவில்லை. அன்பர்கள் ஏன் கொடுக்கிறார்கள், ஏன் நிறுத்தினார்கள் என்பதை அறியாத நிலையம், தன் ஊகத்தையே அவர்தம் கருத்தாகக் கொண்டுவிடும். ஆயினும் இதில் ஒரு மயக்கமுண்டு. படிவத்தை நிரப்பி அனுப்புவோர் பெரும்பாலும் நம்பால் மனநிறைவு கொண்டோரே. மனங்கசந்து விலகியோர் விடையெழுதுவது அரிது. வந்தவற்றை மட்டும் எண்ணி, அன்பர்கள் அனைவரும் மகிழ்ந்துள்ளனர் என ஆண்டறிக்கையில் அச்சிடுவதைப் பொய் என்று எவரும் சொல்லார். வாய்மை என்று நான் சொல்லேன். வாராத படிவங்கள் எத்தனை என்பதையும் உடன் எழுதுதல் வேண்டும்.

இனி, வருமான வினாவுக்கு வருவோம். 2015-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 92 வயது மூதாட்டி ஒருவர் மறைந்தார். நெடுங்காலம் அறப்பணிக்கு நிதி திரட்டியவர் அவர். பின்னர் நடந்த விசாரணையில், 99 தொண்டு நிறுவனங்கள் அவர் முகவரியை வைத்திருந்தமை தெரியவந்தது. பல நிறுவனங்கள் அதனைப் பிறரிடமிருந்து பெற்றவை. அவர் மறைவுக்கு இந்நிறுவனங்கள் காரணமல்ல என்று குடும்பத்தாரே கூறினர். எனினும் நாடு விழித்துக்கொண்டது. 2016 டிசம்பரில் அந்நாட்டின் தகவல் ஆணையர் இரு பெரும் நிறுவனங்களுக்குத் தண்டம் விதித்தார். நன்கொடையாளரின் செல்வநிலையை அவர் அறியாவண்ணம் ஆராயச் செய்தமை குற்றங்களுள் ஒன்று. 25,000 பவுண்டு செலுத்தியது, விலங்குகளின் துயர் துடைக்கத் தோன்றிய சங்கம்! 2017 ஏப்ரலில் மேலும் பதினொரு நிறுவனங்கள் தண்டம் பெற்றன.

திரட்டிய பொருள் வாயில்லா உயிர்களுக்குத்தானே சென்றது என்பர். சென்றிருக்கலாம். ஆனால் நம் முன்னோர் களவுக்கு வகுத்த இலக்கணம் பொருளின் பயனை நோக்குவதன்று. கொடாததைக் கொள்வது களவு என்பதே அது. அவ்விலக்கணம் காசுக்கு மட்டும் உரியதா? ஒருவர் நமக்குத் தம் பெயரும் முகவரியும் தந்தார். வீட்டின் விலையைத் தரவில்லை. அதை வேறு வழியில் அறிந்து ஏட்டில் ஏற்றினால், அதற்கு வேறென்ன பெயரிடுவது? 2023-இல் நம் நாடாளுமன்றம் நிறைவேற்றிய எண்முறைத் தனிநபர்த் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், இசைவு பெற்றுக் கொள்ளும் தகவல் சொல்லிய நோக்கத்திற்கு வேண்டிய அளவோடு நிற்றல் வேண்டும் என்கிறது. மிகுபொருள் விரும்பாமையைச் சட்டமொழியில் படித்தாற் போன்றதொரு வியப்பு எனக்கு உண்டாயிற்று.

கேட்டுப் பெறுவது களவாகாதே எனலாம். உண்மைதான். ஆனால் கேட்பவர் தாம் வணங்கும் நிலையத்தார் என்றால், மறுக்க எத்தனை பேருக்கு மனம் துணியும்? தாட்சணியத்தால் தந்ததைக் கொடுத்தது என்று கொள்வதா என்பது என்னை நெடுநாள் வருத்தியது.

இதனினும் அரியது மற்றொன்று. அன்பர் ஒருவர் ஆண்டுதோறும் தம் தந்தையாரின் நினைவு நாளில் ஐந்நூறு ரூபாய் அனுப்புவார். ஒராண்டு வரவில்லை. நாளும் தொகையும் நம் பதிவேட்டிலேயே உள்ளன, அவரே தந்தவை. நினைவூட்டி ஒரு கடிதம் எழுதலாமா? அன்பினால் எழுதுவதும், ஐந்நூறைக் கருதி எழுதுவதும் ஒரே சொற்களில்தான் அமையும். படிப்பவருக்கு வேறுபாடு தெரியாது, எழுதுபவருக்குத் தெரியும். குழுவில் இருவர் எழுதலாம் என்றனர், இருவர் வேண்டா என்றனர். இறுதியில் தொகையைக் குறிப்பிடாமல் நலம் மட்டும் விசாரித்து நானே எழுதினேன். அது முழுதும் தூய நோக்கம்தானா என்று கேட்டால், ஆம் என்று சொல்ல இன்றும் தயங்குகிறேன்.

வினாப்படிவத்தில் பதினோராவது வினாவை அடித்துவிட்டேன். அடித்தபின் மற்றவற்றையும் ஒவ்வொன்றாக, "இதை அறிந்து என்ன செய்யப் போகிறோம்?" என்று கேட்டுப் பார்த்தேன். ஐந்து வினாக்களே எஞ்சின.