யார் தலையில் கட்டுவது?

நியூரம்பர்கில் எனக்கு அது ஏழாவது குளிர்காலம். வீட்டுக்கு எட்டுப் பேரைக் கூப்பிட்டிருந்தேன், நாலு பேர்தான் வந்தார்கள். மூன்று பேருக்குக் காய்ச்சல், ஒருவருக்கு ரயில் ரத்து. நான் நாலு பாட்டில் சிவப்பு வைனை, அதாவது மூன்று லிட்டரை, பாத்திரத்தில் ஊற்றி பட்டை, கிராம்பு, ஆரஞ்சுத் துண்டு, சர்க்கரை எல்லாம் போட்டு க்ளூவைன் தயாரித்திருந்தேன். இரவு பதினொரு மணிக்குக் கடைசி விருந்தாளியும் போன பிறகு மூடியைத் திறந்து பார்த்தால் சரிபாதி அப்படியே இருக்கிறது.

"சிங்க்ல ஊத்திடுங்க" என்றாள் மனைவி.

அவள் சொன்னது சரி. ஆனால் எனக்குக் கை வரவில்லை. தட்டில் ஒரு பருக்கை விட்டாலும் திட்டு விழும் வீட்டில் வளர்ந்தவன் நான். இத்தனைக்கும் அந்த வீட்டில் வைன் என்ற சொல்லையே யாரும் உச்சரித்ததில்லை. பொருள் எதுவானாலும் வீணாக்கக் கூடாது என்ற பயம் மட்டும் கூடவே விமானமேறி வந்துவிட்டது.

"இது கெடாம இருக்குமா?" என்று அன்றிரவு தேடிப் படித்தேன். இதற்கு நேரடியான பதில் உண்டு. பட்டை, கிராம்பு, ஆரஞ்சுத் தோலை அன்றைக்கே வடிகட்டிவிட வேண்டும். ஊறிக்கொண்டே இருந்தால் கிராம்பின் காரமும் தோலின் வெள்ளைப் பகுதியின் கசப்பும் இறங்கிவிடும். ஆறிய பிறகு சுத்தமான பாட்டிலில் கழுத்து வரை நிரப்பி ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று, நான்கு நாள் தாங்கும். ஆல்கஹாலும் புளிப்பும் பெரும்பாலான கிருமிகளை அண்ட விடாது. காற்றுதான் எதிரி. காற்று பட்டால் மணம் போகும், பிறகு பாக்டீரியா அதை மெல்ல வினிகர் ஆக்கத் தொடங்கும். திரும்பச் சூடாக்கினால் வேண்டிய அளவை மட்டும், கொதிக்க விடாமல் சூடாக்க வேண்டும். அதிக நேரம் சூட்டில் இருந்தால் சர்க்கரையிலிருந்து ஹைட்ராக்ஸிமெத்தில்ஃபர்ஃபூரால் என்று ஒன்று உண்டாகும். ஒரு க்ளூவைன் அளவுக்கு மீறிச் சூடாக்கப்பட்டதா என்பதை ஆய்வகத்தில் அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். அதாவது, பழையதைப் புதியதாகக் காட்டும் முயற்சி உள்ளே தடயம் விட்டுவிடுகிறது.

தீர்க்கவும் வழிகள் இருக்கின்றன. பேரிக்காயைத் தோல் சீவி அதில் வேகவைக்கலாம். கிறிஸ்துமஸ் வாத்துக் கறியோடு வைக்கும் சிவப்பு முட்டைக்கோஸில் ஊற்றலாம். பாதியாகச் சுண்ட வைத்துப் பாகாக்கினால் இன்னும் சில வாரம் வரும். ஐஸ் தட்டில் உறைய வைத்துக் குழம்புக்கு ஒரு கட்டியாகப் போடலாம். ஜெர்மானியர்கள் சிவப்பு வைனும் சாக்லேட்டும் சேர்த்து ஒரு கேக் செய்வார்கள், அதிலும் இது நன்றாகப் பொருந்தும்.

ஒன்றைக் கவனித்தேன். இவை எதிலுமே க்ளூவைன் க்ளூவைனாக மிஞ்சுவதில்லை. மீந்தது, இன்னொன்றாக மாறச் சம்மதித்தால்தான் பிழைக்கிறது. இந்தத் தத்துவம் அன்றிரவு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. தமிழில் மீந்ததும் மிச்சம், சேமித்ததும் மிச்சம். இரண்டுக்கும் ஒரே சொல் வைத்திருக்கும் மொழிக்காரன் ஊற்றிவிடலாமா என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன்.

கேக் செய்தேன். மாவில் கால் லிட்டர் போனது. மேலே பூச, பொடித்த சர்க்கரையில் இன்னும் கொஞ்சம் வைன். அதற்கு வெண்ணெய், முட்டை, சாக்லேட் எல்லாம் புதிதாக வாங்கினேன். மிச்சத்தைக் காப்பாற்ற ஆன செலவில் இன்னும் இரண்டு பாட்டில் வைன் வந்திருக்கும். அதையும் அப்போது கணக்கில் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை அலுவலகச் சமையலறையில் கேக்கை வைத்தேன். என்ன கேக் என்று ஒரு சீட்டு எழுதி வைத்திருக்கலாம். தோன்றவில்லை. பத்தரை மணிக்கு என் குழுவின் மூத்த சகா ஒருவர் ஒரு துண்டு எடுத்தார். பாதி சாப்பிட்டவர் நிறுத்தி, முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"இதுல வைன் இருக்கா?"

"இருக்கு. ஆனா அவன்ல வச்சதும் எல்லாம் ஆவியாயிடும்" என்றேன், சிரித்துக்கொண்டே.

அவர் சிரிக்கவில்லை. "நான் உலர்ந்தவன்" என்றார். குடியை விட்டவரை ஜெர்மன் மொழியில் அப்படித்தான் சொல்வார்கள். ஆறு வருடமாம். எனக்கு அதுவரை தெரியாது. எங்கள் விருந்துகளில் அவர் எப்போதும் ஆப்பிள் ஜூஸோடு நிற்பதைப் பார்த்திருக்கிறேன், ஆனால் ஏன் என்று யோசித்ததில்லை.

நான் சொன்னது பொய் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணைப்படி அரை மணி நேரம் வெந்த பண்டத்தில் சுமார் 35 சதவீத ஆல்கஹால் தங்குகிறது, ஒரு மணி நேரம் வெந்ததில் 25 சதவீதம். மேலே பூசிய சர்க்கரைப் பாகோ அவனையே பார்க்கவில்லை. எஞ்சினியர் புத்தி உடனே கணக்குப் போட்டது: மாவில் தங்கியது துண்டுக்கு ஒரு மில்லிலிட்டர்கூட வராது. கணக்கு சரிதான். ஆனால் விஷயத்துக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. மறுநாள் நான் மன்னிப்புக் கேட்டபோது அவர் சொன்னது: "அளவு பிரச்சினை இல்ல. ருசி பிரச்சினை. நாக்குக்கு அது ஞாபகம் வந்துடுச்சு." அன்று மாலை அவர் நேராக வீட்டுக்குப் போகாமல், தன்னைப் போலவே குடியை விட்ட ஒருவரைப் போய்ப் பார்த்திருக்கிறார்.

மனிதரை ஒருபோதும் வெறும் கருவியாக நடத்தாதே என்றார் காண்ட். கல்லூரிக் காலத்தில் படித்தபோது அது ஏதோ சர்வாதிகாரிகளுக்குச் சொன்னது என்று நினைத்தேன். ஒரு கேக்கிலும் அது நடக்கும். என் சகாக்களுக்குக் கேக் தர வேண்டும் என்பதற்காக நான் அதைச் செய்யவில்லை. என் குற்ற உணர்வைக் கரைக்க எனக்குப் பன்னிரண்டு வாய்கள் தேவைப்பட்டன. வேண்டாத பொருளை யார் தலையிலாவது கட்டிவிட்டு, அதற்குப் பகிர்தல் என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

வீணாக்காமல் இருப்பது நல்ல பழக்கம்தான், அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆனால் வீணடிப்பு நடந்தது சிங்க்கின் முன்னால் அல்ல. எட்டுப் பேருக்கு மூன்று லிட்டர் என்று நான் முதலிலேயே அளந்தேனே, அப்போதே நடந்து முடிந்துவிட்டது. ஊற்றுவது அதை வெளிக்காட்டும், அவ்வளவுதான். ஊற்றாமல் எனக்கு வேண்டாததை நானே குடித்திருந்தாலும் என் வயிற்றைக் குப்பைத்தொட்டி ஆக்கியிருப்பேனே தவிர எதையும் காப்பாற்றியிருக்க மாட்டேன்.

இப்போது எதையாவது கொடுப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன்: இது மிச்சமாக இல்லாவிட்டாலும் இவருக்கு இதைக் கொடுப்பேனா? ஆம் என்றால் என்ன இருக்கிறது என்று எழுதி வைத்துக் கொடுக்கிறேன். இல்லை என்றால் அது என் பிரச்சினை, என் வீட்டிலேயே தீர வேண்டும்.

ஃப்ரிட்ஜில் இன்னும் ஒரு லிட்டருக்கு மேல் இருந்தது. ஐந்தாவது நாள், கொஞ்சம் புளித்திருந்தது. பாட்டிலைச் சிங்க்கில் கவிழ்த்தேன். கிராம்பு வாசனை கொஞ்ச நேரம் சமையலறையில் நின்றது. அடுத்த டிசம்பரில் இரண்டு பாட்டில்தான் வாங்கினேன். அடுப்பின் இன்னொரு பக்கத்தில் அதே பட்டை, கிராம்பு, ஆரஞ்சோடு ஆப்பிள் ஜூஸ் சூடாகிக்கொண்டிருந்தது. அதுதான் முதலில் தீர்ந்தது.