பக்கத்துக் கதிரைக்கு ஒரு புத்தகம்

"இப்ப என்ன வாசிக்கிறீர்?" என்று தொடங்கும் தொலைபேசி அழைப்புகளை நான் விரும்பத் தொடங்கி மூன்று வருடங்களாகின்றன. "எப்படி இருக்கிறீர்?" என்ற கேள்விக்கு என்னிடமுள்ள பதில் மாறுவதில்லை. இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் மூன்று நாட்கள், ஒவ்வொரு நாளும் நான்கு மணித்தியாலம், ரொறன்ரோவில் ஒரு டயாலிசிஸ் நிலையத்தின் கதிரையில் சாய்ந்திருக்கிறேன். இது கேட்பவருக்கும் தெரியும். வாசிப்பைப் பற்றிய கேள்விக்கு மட்டும்தான் போன மாதத்துப் பதிலை இந்த மாதம் சொல்ல முடியாது.

இடது கையில் இரண்டு ஊசிகள். அந்தக் கையை அசைக்கக்கூடாது. மற்றக் கையால் புத்தகத்தைப் பிடித்து, அதே கையின் பெருவிரலால் தாளையும் திருப்பவேண்டும். ஆகவே நல்ல புத்தகமா என்று பார்ப்பதற்கு முன்னால் பாரமில்லாத புத்தகமா என்று பார்க்கப் பழகிக்கொண்டேன். தோமஸ் மான் 1924இல் வெளியிட்ட 'மாய மலை' நாவல் காசநோய் சனற்றோரியம் ஒன்றில் நடப்பது. எனக்கென்றே எழுதியதுபோல் இருக்கும் என்று ஒரு நண்பர் அனுப்பிவைத்தார். கதாநாயகனுக்குக் காய்ச்சல் காண முன்னரே என் மணிக்கட்டு உளையத் தொடங்கிவிட்டது. பிறகு மகள் ஒரு டாப்லெட் வாங்கித் தந்தாள். அதில் நூலகம் இணையத்தளத்தைத் திறந்து பழைய 'மல்லிகை' இதழ்களை, எழுத்தைப் பெரிதாக்கி, ஒரு விரலால் தள்ளித் தள்ளி வாசிக்கிறேன்.

மூன்றாவது மணித்தியாலத்தில் இரத்த அழுத்தம் இறங்கும். ஒரே பந்தியை நாலு தரம் வாசித்திருப்பேன். நோயாளிக்கு நீண்ட உரைநடை சரிவராது, கவிதைதான் ஒத்துவரும் என்ற கருத்தில் வர்ஜீனியா வுல்ஃப் 1926இல் ஒரு கட்டுரை எழுதினார். அவருக்கு வந்த நோய் வேறு. எனக்கு அந்த நேரத்தில் கவிதை ஏறாது. அடுத்து என்ன நடந்தது என்று இழுத்துக்கொண்டு போகிற கதை வேண்டும்.

எனக்குப் பக்கத்துக் கதிரையில் வடமராட்சியைச் சேர்ந்த ஓர் அக்கா. எழுபதைத் தாண்டியவர். 'பொன்னியின் செல்வ'னை நாலாவது தடவையாக வாசித்துக்கொண்டிருந்தார். ஐந்து பாகங்களையும் மகன் ஸ்காபரோ நூலகக் கிளையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவந்து கொடுப்பான். "நீரும் வாசியும் தம்பி, நேரம் போறது தெரியாது" என்றார். நான் சிரித்துச் சமாளித்தேன். பதினாறு வயதிலேயே அதைத் தாண்டிவிட்டேன் என்ற நினைப்பு எனக்கு.

ஆனால் நான் அவருக்குப் புத்தகம் சொல்லத் தயங்கவில்லை. வாரத்துக்கு ஒன்றாகச் சொன்னேன், கொண்டுவந்தும் கொடுத்தேன். எல்லாம் தெரிந்தெடுத்தவை: நகைச்சுவை, பயணம், சிறுபிராயத்து நினைவுகள். ஒருநாள் என் மடியில் புதுமைப்பித்தன் தொகுப்பு இருந்தது. 'செல்லம்மாள்' திறந்து கிடந்தது. நெடுநாள் நோயாளியான மனைவியை, சென்னையில் ஜவுளிக்கடை வேலைக்கும் போய்க்கொண்டு பார்த்துக்கொள்ளும் ஒரு மனிதனின் கதை. கதை தொடங்கும்போதே அவள் இறந்துவிடுகிறாள். எழுதியவரும் காசநோயில் இளைத்து 1948இல் 42 வயதில் போய்விட்டவர்.

"அதென்ன கதை?" என்றார் அக்கா.

"உங்களுக்குச் சரிவராது அக்கா. கொஞ்சம் துக்கமானது."

அவர் மெசினைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். "தம்பி, நான் என்ன தாங்குவன், என்ன தாங்கமாட்டன் எண்டதை நீர் எப்ப அளந்து பாத்தனீர்?"

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அன்று முழுவதும் அது என்னோடு இருந்தது.

நான் செய்தது அன்புதானே என்று முதலில் எனக்குள் வாதாடினேன். பிறகு அம்மா நினைவுக்கு வந்தார். கொழும்பில் அவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தபோது, மூன்று நாடுகளில் இருந்த பிள்ளைகள் மூவரும் தொலைபேசியில் கூடி, அம்மாவுக்குச் சொல்வதில்லை என்று முடிவெடுத்தோம். வயிற்றுப்புண் என்றோம். அம்மா மறுகேள்வி கேட்கவில்லை. ஒருநாள் மட்டும் என்னிடம், "உனக்கு லீவு எடுக்கேலாதோ?" என்றார். வயிற்றுப்புண்ணுக்கு எந்தத் தாயும் கனடாவிலிருந்து பிள்ளையை வரச்சொல்லிக் கேட்பதில்லை. அது விளங்கியும் விளங்காதவன்போல, "ஏப்ரலில் வாறன் அம்மா" என்றேன். பொய்யைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அவசரப்படாதவன்போலவும் இருக்கவேண்டுமே. ஏப்ரல் மட்டும் அம்மா இருக்கவில்லை.

எங்கள் வீடுகளில் இது வழமை. நோயாளியைத் தவிர எல்லோருக்கும் நோயின் பெயர் தெரிந்திருக்கும். நல்ல நோக்கத்தோடுதான் செய்கிறோம். ஆனால், அவருடைய பயத்தைக் கண்டால் எங்களால் தாங்கமுடியாது என்பதும் அதற்குள் ஒளிந்திருக்கிறது. 'செல்லம்மா'ளை அக்கா வாசித்து அழுதால் பக்கத்துக் கதிரையில் இருந்து நான் என்ன செய்வேன்? உண்மையில் நான் அளந்தது என்னுடைய பலத்தைத்தான்.

துக்கமான புத்தகம் நோயாளியை உடைக்கும் என்பதும் எனக்கு இப்போது நிச்சயமில்லை. என்னை உடைத்த ஒரே புத்தகம் நம்பிக்கை ஊட்டுவதற்காகத் தரப்பட்டது. மனம் வைத்தால் எந்த நோயையும் வெல்லலாம் என்று 200 பக்கம். டயாலிசிஸ் தொடங்கிய முதல் மாதம் அதை வாசித்துவிட்டு, நான் சரியாக மனம் வைக்கவில்லையாக்கும் என்று படுத்திருந்தேன். நோய்க்கு நோயாளியின் மனத்தைக் காரணம் காட்டும் இந்தப் பழக்கத்தைத்தான் சூசன் சொன்டாக், தானே புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற பின்னர், 1978இல் புத்தகமாக எழுதிச் சாடினார். அந்தப் புத்தகத்தை எனக்கு எவரும் அனுப்பவில்லை. அவர்களும் என்னை அளந்திருப்பார்கள்.

அதற்காக எதையும் யாரிடமும் நீட்டிவிடலாம் என்று நான் சொல்லவரவில்லை. 400 பக்கப் புத்தகம் என்றால் எங்களுக்கு அது மாதக்கணக்கான தெளிந்த நேரம். "கட்டாயம் வாசியும்" என்று சொல்பவர் அந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. அப்படி வந்து வாசிக்காமல் கிடக்கும் புத்தகங்கள் என் அலுமாரியில் கடன்காரர்போல நிற்கின்றன. சிலவற்றை வாசித்துவிட்டேன் என்று பொய்யும் சொல்லியிருக்கிறேன். "வாசிக்க ஏலாமப் போச்சு" என்றால் அடுத்த கேள்வி உடம்பைப் பற்றித்தான் வரும். இப்போது யாருக்காவது புத்தகம் சொன்னால், அது எனக்கு என்ன செய்தது, எந்த இடத்தில் மூடிவைத்தேன் என்று சொல்கிறேன். வாசிப்பதும் விடுவதும் அவர் பாடு. "எப்பிடி இருந்தது?" என்று நான் திரும்பக் கேட்பதில்லை. இதுவே சரியான முறையென்று அடித்துச் சொல்லவும் மாட்டேன். அப்படிச் சொல்லும்போது என் குரல் மருந்துச்சீட்டு வாசிப்பதுபோல இருக்கிறதென்று மகள் சொல்கிறாள்.

அடுத்த வாரம் தொகுப்பை அக்காவிடம் கொடுத்தேன். பதிலுக்கு 'பொன்னியின் செல்வன்' முதலாம் பாகத்தை வாங்கிக்கொண்டேன். பாரம்தான். தலையணையை மடித்து மடியில் வைத்து அதன்மேல் சாய்த்தால் சரியாக நிற்கிறது. பதினாறு வயதில் நான் தாண்டிப்போன புத்தகம் இதுதானா என்று சில இடங்களில் சந்தேகமாக இருக்கிறது.

இரண்டு கிழமைகள் அக்கா எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பிறகொரு காலை, ஊசி ஏற்றி முடிந்ததும் அவராகவே தொடங்கினார்.

"அந்த மனிசன் கடைக்கும் போகவேணும், வந்து அவளையும் பாக்கவேணும், பாவம். என்ர பெடியன் வாசிக்கவேண்டிய கதை. அவனுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாதெல்லே. காரிலை வரேக்கை நான் வாசிச்சுக் காட்டுறன்."

"என்ன சொல்லுறான்?"

"ஒண்டும் சொல்லுறேல்லை. வந்து சேந்தாப் பிறகும் காரை நிப்பாட்டிப்போட்டு இருக்கிறான். இண்டைக்கு அதாலைதான் பிந்தினது."

"முடிஞ்சுதோ?"

"இல்லை. இன்னும் ரெண்டு நாள் ஓடவேணும்."

தாதி வந்து அவருடைய மெசினில் ஏதோ அழுத்திவிட்டுப் போனார். அக்கா போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு கண்ணை மூடினார்.