விடுபட்ட சொல்

நான் ஆமியில் இருந்தவன் என்று தெரிய வந்ததும் பெரும்பாலானோர் கேட்பது ஒரே கேள்விதான்: "சுட்டிருக்கிறீங்களா?" சில மாதங்களுக்கு முன் எங்கள் ஊர் இலக்கியச் சந்திப்பொன்றில் ஒரு வாலிபர் அதையே சற்று நாகரிகமாகக் கேட்டார். "நானா, பிழையான கட்டளை ஒன்று வந்திருந்தால் என்ன செய்திருப்பீங்க?" அன்று ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான், அவர் கேட்ட கேள்வி எனக்குரியதல்ல, எனக்குரிய கேள்வி வேறு என்பது விளங்கியது.

1989இல், பத்தொன்பது வயதில் படையில் சேர்ந்தேன். இந்த நாட்டில் கட்டாய இராணுவ சேவை இருந்ததில்லை. ஆகவே என்னை யாரும் இழுத்துச் செல்லவில்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். வாப்பா மௌத்தாகிவிட்டார். வீட்டில் இரண்டு தங்கச்சிமார் குமர்ப்பிள்ளைகளாக இருந்தார்கள். மாதம் முடிந்தால் சம்பளம் வரும், இருபத்திரண்டு வருடம் நின்றால் பென்ஷனும் வரும் என்பதே எனக்குத் தெரிந்த அரசியல். மலாய்க் குடும்பங்களுக்குப் படைச் சேவை ஒல்லாந்தர் காலத்திலிருந்து வந்த பழக்கம். எங்களைப் போன்ற கடைக்கார, கமக்காரக் குடும்பங்களுக்கு அது புதிது. நான் கொழும்பில் வேலை செய்கிறேன் என்றே உம்மா இரண்டு வருடமாக அயலவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தா.

சிப்பாயின் வாழ்க்கை வெளியில் இருப்பவர்கள் நினைப்பது போன்றதல்ல. அதில் யுத்தம் கொஞ்சம், காத்திருப்பு அதிகம். விடியுமுன் எழும்ப வேண்டும். தகரக் கோப்பையில் வெறுந்தேத்தண்ணி. பிறகு மண்மூட்டை நிரப்புவது, பங்கர் வெட்டுவது, துவக்கைக் கழற்றித் துடைத்துப் பூட்டுவது, இரவில் முறை வைத்து சென்றிக்கு நிற்பது. லீவு கிடைத்தால் வவுனியாவில் ரயிலேறி, பொல்கஹவெலயில் இறங்கி, கண்டிப் பக்கம் போகும் ரயிலுக்காக மேடையிலேயே தூங்குவது. நோன்பு காலத்தில் ஸஹருக்காகச் சோறும் பருப்பும் சம்பலும் எடுத்து மூடிவைத்தவர் சிங்களச் சமையற்காரர் ஒருவர். நான் எழும்பாவிட்டால் வந்து காலைத் தட்டி எழுப்புவார். எல்லோரும் என்னை "நானா" என்றுதான் கூப்பிட்டார்கள். 1996 ஜூலையில் முல்லைத்தீவுச் சமரில் லெப்டினன்ட் கேணல் பஸ்லி லாபிர் கொல்லப்பட்ட செய்தி வந்த அன்று, என் சொந்த நானா மௌத்தானது போல் பலர் வந்து என் தோளைத் தொட்டார்கள். அதே காம்பில், நான் தொலைபேசியில் உம்மாவோடு தமிழில் பேசும்போது பக்கத்தில் நிற்பவர் பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பதையும் கண்டிருக்கிறேன். இரண்டும் உண்மை.

தமிழ் தெரியும் என்பதால் 1998இல் வன்னி எல்லையில் ஒரு சோதனைச் சாவடியில் மொழிபெயர்ப்புக்கு என்னை நிறுத்தினார்கள். வன்னியிலிருந்து வருபவர்களிடம் அதிகாரி சிங்களத்தில் கேட்பதை நான் தமிழில் கேட்க வேண்டும். அவர்கள் சொல்வதைச் சிங்களத்தில் திருப்பிச் சொல்ல வேண்டும். வெயில், தூசி, நீண்ட வரிசை. என் வாயிலிருந்து தமிழ் வந்ததும் சனங்களின் முகம் மாறும். மற்றவர்களை "சேர்" என்பவர்கள் என்னைத் "தம்பி" என்பார்கள்.

ஒருநாள் பின்னேரம் வயதான ஒரு தாய், காய்ச்சல் கண்ட பேரப்பிள்ளையோடு வந்தார். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார். பிள்ளைகள் எத்தனை பேர், எங்கே என்று அதிகாரி கேட்கச் சொன்னார். "ஒருத்தன்தான் தம்பி. அவனையும் போன மாசம் பிடிச்சுக்கொண்டு போயிட்டாங்கள்" என்றார். நான் திரும்பி, அவருடைய மகன் இயக்கத்தில் இருக்கிறான் என்று சிங்களத்தில் சொன்னேன். அதிகாரி அட்டையைத் திருப்பிக் கொடுத்து, அவரைத் திரும்பிப் போகச் சொன்னார். அதையும் நான்தான் தமிழில் சொன்னேன். அவர் அதிகாரியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். பிறகு பிள்ளையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு வந்த வழியே நடந்தார். அந்தப் பிள்ளை என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது.

நான் பொய் சொல்லவில்லை. மகன் இயக்கத்தில் இருந்தது உண்மை. "பிடித்துக்கொண்டு போனார்கள்" என்பதை மட்டும் விட்டுவிட்டேன். விடச் சொல்லி யாரும் கட்டளையிடவில்லை. அந்த அதிகாரி கெட்டவரும் அல்லர். முழுதாகச் சொல்லியிருந்தால் அவர் அனுமதித்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. சோதனை வீணானது என்றும் சொல்லமாட்டேன். 1996 ஜனவரியில் மத்திய வங்கியிலும் ஜூலையில் தெஹிவளை ரயிலிலும் குண்டு வெடித்து எத்தனையோ அப்பாவிகள் செத்திருந்தார்கள். ஆனால் முடிவெடுப்பது அவருடைய பொறுப்பு, சொல்லை முழுதாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்னுடையது. அந்தத் தாய் என்னிடம் ஒப்படைத்தது ஓர் அமானிதம். அதில் பாதியை வழியில் போட்டுவிட்டேன்.

ஏன் என்று என்னையே பல தடவை கேட்டிருக்கிறேன். களைப்பு என்பது முதலில் வரும் பதில். அதிகாலையிலிருந்து நின்ற கால்கள், வரிசையில் இன்னும் ஐம்பது பேர், சுருக்கமாகச் சொன்னால் வேலை முடியும். அது உண்மைதான், ஆனால் முழு உண்மையா? 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் உடுத்த உடையோடு துரத்தப்பட்டார்கள். அவர்களில் ஒரு குடும்பம் புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்ததை நானே போய்ப் பார்த்திருந்தேன். அந்தத் தாய் முன்னால் நின்றபோது இவையெல்லாம் என் நாக்கின் அடியில் இருந்தனவா? இல்லை என்று சத்தியம் செய்ய என்னால் முடியவில்லை. துரத்தப்பட்டவர்களுக்காகத் துரத்தாத ஒருவரிடம் கணக்குத் தீர்த்தேனா? நிய்யத்தை அல்லாஹ் அறிவான். நானே அறியவில்லை என்பதுதான் எனக்குப் பயம்.

கட்டளையைப் பற்றி நம் மார்க்கம் தெளிவாகவே பேசுகிறது. ஒரு படைத் தலைவர் கோபத்தில் நெருப்பு மூட்டி அதில் இறங்கச் சொன்னபோது தோழர்கள் மறுத்ததும், அவர்கள் இறங்கியிருந்தால் அதிலிருந்து வெளியேறியிருக்கவே மாட்டார்கள் என்று நபியவர்கள் (ஸல்) கூறியதும் நாம் அறிந்த ஹதீஸ். நன்மையானதில்தான் கட்டுப்பாடு. மேலதிகாரியின் கட்டளை என்பது குற்றத்திலிருந்து ஒருவனை விடுவிக்காது என்று 1945, 46 நியூரம்பேர்க் விசாரணையும் உலகத்துக்குச் சொன்னது. அந்த வாலிபரின் கேள்விக்கு விடை இவற்றில் இருக்கிறது. கடைப்பிடிப்பது கடினம், அறிந்துகொள்வது கடினமல்ல. நெருப்பு கண்ணுக்குத் தெரிகிறதே.

எனக்கு முன்னால் நெருப்பு இருக்கவில்லை. இருபத்திரண்டு வருடத்தில், மறுத்தே ஆக வேண்டிய கட்டளை ஒன்று எனக்கு வரவேயில்லை. என் தரத்தில் இருந்த பலருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். கட்டளைக்கும் கட்டளைக்கும் இடையில் எங்களிடம் விடப்பட்ட சின்ன இடங்களில்தான் நாங்கள் மனிதர்களாக இருந்தோம், அல்லது தவறினோம். ஒரு பையை எப்படித் திறப்பது, ஓர் அட்டையை எறிவதா கையில் கொடுப்பதா, ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்வதா என்பதெல்லாம் எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. அங்கே நடந்ததற்கு மேலதிகாரியைக் காட்டித் தப்பவும் முடியாது. சமையற்காரர் எனக்காகச் சோறு மூடிவைத்ததும் அப்படி ஓர் இடத்தில்தான். யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவர் தன் சின்ன இடத்தை அப்படிப் பயன்படுத்தினார். நான் என்னுடையதை இப்படிப் பயன்படுத்தினேன்.

2011இல் பென்ஷனோடு வந்தேன். தங்கச்சிமார் இருவரும் பேரப்பிள்ளைகள் கண்டுவிட்டார்கள். அந்தச் சம்பளம் ஹராம் என்று நான் நினைக்கவில்லை. அதற்காக வெட்கப்படவும் இல்லை. இப்போது ஊரில் அரசாங்கக் காரியாலயத்துக்குச் சிங்களத்தில் கடிதம் எழுத வேண்டியவர்கள் என்னிடம் வருவார்கள். எழுதி முடித்ததும் அதைத் தமிழில் வாசித்துக்காட்டி, "நீங்க சொன்னதில் ஏதும் விடுபட்டிருக்கா?" என்று கேட்பேன். சிலருக்கு அலுப்பாக இருக்கும். "போதும் நானா, சரிதான்" என்பார்கள். நான் இன்னொரு முறை வாசிப்பேன்.