பதிவேட்டில் இல்லாத வீடு

சீன ஓவியர் சாங் தாலி 1995-இல் இத்தாலியிலிருந்து பெய்ஜிங்குக்குத் திரும்பியபோது நகரம் இடிபட்டுக்கொண்டிருந்தது. இடிக்க வேண்டிய வீடுகளின் சுவர்களில் அதற்கான சீன எழுத்தை எழுதி, சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போவார்கள் அதிகாரிகள். அப்படிப்பட்ட சுவர்களைத் தேடிப் போய், ஸ்பிரே பெயின்றால் ஒரு மொட்டைத் தலையின் பக்கத் தோற்றத்தை அவர் வரைந்தார். அது அவருடைய தலைதான். ஏறத்தாழப் பத்து வருடங்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தலைகள். ‘உரையாடல்’ என்று அந்தத் தொடருக்குப் பெயர் வைத்தார். சில இடங்களில் அந்தத் தலையின் வடிவிலேயே சுவரை உடைத்தெடுத்தார். 1998-இல் எடுத்த ஒரு படத்தில், பாதி இடிந்த சுவரின் அந்த ஓட்டை வழியாகப் பழைய அரண்மனையின் பொன்னிறக் கூரை தெரிகிறது. அரண்மனை நிற்கிறது, அதன் அருகே குடியிருந்தவர்களின் சுவர் விழுகிறது.

அந்தப் படத்தை இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள அட்டாளைச்சேனையிலிருந்து பார்க்கிறேன். பெய்ஜிங் தூரத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

*

சீனாவில் ஒருவர் எந்த ஊரார் என்பதை ஹுகோவ் என்ற குடும்பப் பதிவு தீர்மானிக்கிறது. 1958-இல் அது சட்டமானது. கிராமத்தில் பதிவுள்ளவர் பெருநகரத்தில் எத்தனை வருடம் உழைத்தாலும் அந்நகரத்தாரின் உரிமைகள் அவருக்கு எளிதில் கிடைப்பதில்லை. பிள்ளையைப் பாடசாலையில் சேர்ப்பதற்கும் அந்தப் பதிவு குறுக்கே நிற்கும். அந்த நகரங்களின் மாடிகளைக் கட்டியவர்கள் இப்படிக் கிராமத்திலிருந்து வந்தவர்கள்தான். ‘சீனச் சந்ததி’ என்ற படைப்புக்காக சாங் தாலி அந்தக் கட்டடத் தொழிலாளரின் உடல்களிலிருந்து நேரடியாக அச்சு எடுத்து, ஆளளவு உருவங்களாக்கி, ஒவ்வொன்றிலும் ஓர் எண்ணைப் பச்சை குத்தியதுபோல் எழுதினார். பிறகு தலைகீழாகத் தொங்கவிட்டார். எண் இருக்கிறது. நிற்பதற்கு நிலம் இல்லை.

*

சீன அடையாள அட்டையில் இனமும் அச்சிடப்பட்டிருக்கும். அரசு 56 இனங்களை ஏற்றிருக்கிறது. அவற்றில் ஒன்று ஹுய். பெரும்பாலும் சீனமே பேசுபவர்கள், மார்க்கத்தால் முஸ்லிம்கள். ஒரு காலத்தில் சீன மொழியை அறபு எழுத்தில் எழுதிப் படித்தவர்கள். இலங்கை முஸ்லிம்களான எங்கள் முன்னோர் தமிழை அறபு எழுத்தில் எழுதினார்கள். எங்கள் பிறப்புச் சான்றிதழில் ‘இலங்கைச் சோனகர்’ என்று இருக்கிறது. கனவு காண்பதும் கணக்குப் பார்ப்பதும் மையித்து வீட்டில் அழுவதும் தமிழில்.

சோனகர் என்ற பெயரையும் தமிழையும் சேர்த்துச் சுமப்பது எங்களுக்குப் பாரமாக இருந்ததில்லை. ஒன்றை மட்டும் தேர்ந்தெடு என்று வெளியிலிருந்து கேட்கும்போதுதான் பாரமாகிறது.

*

எங்கள் கரையில் வீடு பெண்ணுக்குரியது. மகள் பிறந்ததுமே வாப்பா கல்லும் மண்ணும் சேர்க்க நினைக்கிறார். கலியாணம் முடித்த ஆண், தாய் வீட்டை விட்டு மனைவியின் வளவுக்குப் போகிறார். ராத்தாவும் தங்கச்சியும் பக்கத்துப் பக்கத்தில் குடியிருப்பார்கள். இரண்டு குசினிக்கும் ஒரு கிணறு. தெருவுக்கு வராமலே பெண்கள் வளவுக்கு வளவு போய்வர வேலியில் ஒரு சின்னக் கடப்பு இருக்கும். எந்த நில அளவைப் படத்திலும் அந்தக் கடப்பு இராது. ஆனால் அதன் வழியாகத்தான் கறியும் கடனும் செய்தியும் போய்வந்தன.

2004 டிசம்பர் 26 காலையில் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருதுக் கரையோரத் தெருக்களைச் சுனாமிக் கடல் கொண்டுபோனது. அதன்பின் அரசு ஒரு கோடு போட்டது: தெற்கிலும் மேற்கிலும் கரையிலிருந்து 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர், அதற்குள் வீடு கட்டக் கூடாது. இந்தக் கரையில் ஊர்கள் கடலுக்கும் வயலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கின்றன. 200 மீற்றர் என்பது இங்கே பல தெருக்கள். கோடு பின்னர் தளர்த்தப்பட்டது. ஆனால் புதிய வீடுகள் வந்தபோது, பல இடங்களில் ‘குடும்பத் தலைவர்’ என்று ஆணின் பெயரைப் பதிந்தார்கள். தாய் வழியாக மகளுக்கு வந்த வீட்டைக் கடல் ஒருமுறை எடுத்தது. படிவம் இன்னொருமுறை எடுத்தது.

*

அக்கரைப்பற்றுப் பக்கம் நுரைச்சோலையில், கடலில் வீடிழந்தவர்களுக்காக சவூதி அரேபியாவின் உதவியில் 500 வீடுகள் கட்டப்பட்டன. யாருக்குக் கொடுப்பது, எந்த இனத்துக்கு எத்தனை என்ற கேள்வி எழுந்து உயர் நீதிமன்றம் வரை போனது. வருடக்கணக்கில் அந்த வீடுகள் ஆளில்லாமல் கிடந்தன. பெய்ஜிங்கில் ஆட்கள் இருக்க வீடுகளை இடித்தார்கள். இங்கே வீடுகள் இருக்க ஆட்களை வெளியே நிறுத்தினார்கள். இரண்டு இடத்திலும் முடிவு சொன்னவர்கள் அங்கே குடியிருக்க வேண்டியவர்கள் அல்ல.

*

யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன், போரில் இடம்பெயர்ந்த தமிழரையும் முஸ்லிம்களையும் சந்தித்து, இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்து தரும்படி கேட்டார். அந்தப் படங்களோடு கட்டடக் கலைஞரின் துல்லியமான வரைபடங்களையும் தன் ஓவியங்களையும் சேர்த்து 2011-இல் ஒரு நூலாக்கினார். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் காணிகளைப் பதிந்த தோம்பின் பெயரையே அதற்கு வைத்து, ‘முற்றுப்பெறாத தோம்பு’ என்றார்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள். யாழ்ப்பாண நகரத்தில் அதற்குக் கொடுத்த அவகாசம் சில மணித்தியாலங்கள். அப்படி இழந்த வீடும் ஷெல் விழுந்து இழந்த வீடும் ஒரே நூலில் அடுத்தடுத்த பக்கங்களில் வர முடிகிறது. யாருடைய துயரம் பெரியது என்று அங்கே யாரும் அளக்கவில்லை. கிணறு எங்கே இருந்தது, எந்த அறை கிழக்குப் பார்த்தது, மாமரம் எந்த மூலையில் நின்றது என்பதை மட்டும் கேட்கிறார்கள். எங்களுக்குள் நீதி பேசத் தொடங்குவதற்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

*

பெய்ஜிங்கில் சொங் டொங் என்ற கலைஞர் 2005-இல் தன் தாயின் வீட்டுப் பொருள்கள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவற்றைக் காட்சிக்கு வைத்தார். சவர்க்காரக் கட்டிகள், போத்தல்கள், பழைய துணிகள், சட்டி பானைகள். பஞ்ச காலத்தைக் கண்டு எதையும் எறியாமல் சேர்த்துவைத்த தாய். கணவன் இறந்த துயரத்தில் ஒடுங்கிப்போயிருந்தவர், மகனோடு சேர்ந்து ஒவ்வொன்றையும் எடுத்து அடுக்கினார். பொருளைத் தொட்டபோது பேச்சு வந்தது. நடுவே பழைய வீட்டின் மரச் சட்டகம் நின்றது.

எங்கள் மூத்தம்மாமாருக்குக் கடல் பொருள்களை விட்டுவைக்கவில்லை. தரைப்படம் மட்டும் அவர்கள் நினைவில் இருக்கிறது.

*

கடல் வந்து இருபது வருடங்கள் கடந்துவிட்டன. அந்தத் தெருக்களை வளர்ந்தவர்களாகப் பார்த்தவர்கள் ஒவ்வொருவராக மவுத்தாகிக்கொண்டிருக்கிறார்கள். அட்டாளைச்சேனையில் தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கிறது. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்குள்ள ஒவ்வொரு மாணவரும் ஒரு முதிய பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் வாழ்ந்த வளவை அவர் கையாலேயே வரையச் செய்யட்டும். வேலிக் கடப்பும் கிணற்றடியும் அதில் இருக்கட்டும். வீட்டுக்கு உரியவர் என்று அந்தப் பெண்ணின் பெயரையே கீழே எழுதட்டும். பக்கத்துத் தமிழ்க் கிராமத்தின் வீடுகளும் அதே தொகுப்பில் சேரட்டும். பிறகு அதை மூடிய அலுமாரிக்குள் வைக்காமல், பஸ் நிலையத்திலும் சந்தையிலும் பிரதேச செயலகத்தின் சுவரிலும் ஒட்ட வேண்டும். படிவத்தை நிரப்பக் காத்திருப்பவர்களும் அதில் கையெழுத்திடுபவர்களும் ஒன்றாக நின்று பார்க்கட்டும்.