மிகுதியாய் ஏறியவர் எவர்?

22 பேர் ஏறத்தக்க படகு ஒன்றில் 37 பேர் ஏறியிருக்கிறார்கள். இவர்களுள் மிகுதியாய் ஏறியவர் எவர்? 15 பேர் என்று கணக்கு உடனே விடை சொல்லிவிடும். அந்தப் 15 பேரும் யார் யார் என்று கேட்டாலோ கணக்கு வாயடைத்துப் போகும். பருத்த உடலினரா? மடியில் குழந்தையை இருத்திக்கொண்டவரா? கடைசியாய் ஓடிவந்து தாவியவரா? ஒவ்வொருவரும், "நான் ஒருவன் ஏறியதாலா படகு கவிழ்ந்துவிடப் போகிறது?" என்றே கேட்பார். அவரளவில் அது உண்மையுங்கூட. அவர் ஒருவரை இறக்கிவிட்டாலும் 36 பேர் இருப்பார்கள். ஆபத்து பெரிதாய்க் குறைந்துவிடாது. குற்றம் என்னவோ நடந்திருக்கிறது. குற்றம் செய்தவரைத் தேடினால் ஒருவர்கூட அகப்படவில்லை. இந்தப் புதிரை இங்கே சற்று நின்று ஆராய விழைகிறோம்.

மேலே சொன்ன எண்கள் நாமாகப் புனைந்தவையல்ல. 2023-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் தானூருக்கு அருகே, ஆறு கடலைச் சேரும் முகத்துவாரத்தில், பொழுது சாய்ந்தபின் புறப்பட்ட உல்லாசப் படகு ஒன்று கவிழ்ந்தது. மீன்பிடி படகாய் இருந்ததை மாற்றியமைத்து, அதன்மேல் தளம் அமைத்துச் சுற்றுலாப் படகாக்கியிருந்தனர். 22 பேர் மாண்டனர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் சிறார். 11 பேர் ஒரே குடும்பத்தினர். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை மகிழ்விக்க வந்த எளிய முஸ்லிம் குடும்பங்கள் அவை. ஏற அனுமதிக்கப்பட்டிருந்த தொகையும் 22. இறந்தோர் தொகையும் 22.

இதற்கு முன்னரும் இவ்வாறு நேர்ந்ததுண்டு. 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள், கிறிஸ்துமஸ் பண்டிகையும் ஞாயிறும் கூடிவந்த நாளில், பழவேற்காட்டில் உல்லாசமாய்ப் படகேறிச் சென்றவர்களுள் 22 பேர் மூழ்கி இறந்தனர். உறவினர்களாய்ச் சேர்ந்து வந்தவர்கள் அவர்கள். 2009-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள், பூஜை விடுமுறைகளை ஒட்டித் தேக்கடி ஏரியில் 'ஜலகன்யகா' என்னும் இரட்டைத்தளப் படகு கவிழ்ந்து 45 உயிர்கள் போயின. மாண்டவர்களுள் தமிழகத்தாரும் பலர் உண்டு. கரையோரத்து விலங்குகளைக் காணப் பயணிகள் ஒருபுறமாய்த் திரண்டனர் என்றனர் சிலர். படகின் அமைப்பிலேயே குறை இருந்ததென்றனர் சிலர். இரண்டில் ஒன்றை மட்டும் சொல்லி மற்றதை மறைக்கப் பார்ப்பவர் தமக்குரிய பங்கைத் தள்ளிவிடப் பார்ப்பவரே.

மூன்று இடங்களையும் பிணைக்கும் கயிறு ஒன்றுண்டு. அது விடுமுறைக் காலம். ஆண்டு முழுவதும் அலுவலகத்திலும் கடையிலும் ஒழுங்குக்கு அடங்கி நடப்பவர், ரயில் நிலையத்தில் வரிசையில் நிற்பவர், பிள்ளையைச் சாலை கடக்கையில் கைப்பிடித்து அழைத்துச் செல்பவர், விடுமுறை நாளில் நீரைக் கண்டதும் வேறொருவராய் மாறிவிடுகிறார். விடுமுறை என்னும் சொல்லுக்கு 'முறையை விடுதல்' என்று பொருள் கொண்டார் போலும்! மிதவை அங்கியைக் கொடுத்தால், வியர்க்கிறது என்கிறார். முன்பு அணிந்தவரின் நாற்றம் அடிக்கிறது என்கிறார். புகைப்படத்தில் உடுப்பு மறைந்துவிடும் என்கிறார். உட்காரச் சொன்னால் எழுந்து நின்று கையசைக்கிறார். இவர் கெட்டவர் அல்லர் என்பதே இதில் நம்மைத் திகைக்க வைப்பது. பண்டிகை நாளில் எவரும் தம்மைத் தீங்கு செய்பவராய் நினைத்துக்கொள்வதில்லை. மகிழ வந்தோம், பிறரையும் மகிழ்விக்க வந்தோம் என்பதே அவர் உள்ளத்தில் நிற்கிறது.

படகு கவிழும் விதத்தையும் ஒருவாறு அறிந்துகொள்ள வேண்டும். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் மரக்கலம் செலுத்திய நம் முன்னோர்க்கு இது பாடமாய் இருந்தது. சரக்கில்லாத தோணியின் அடியில் மணலையோ கல்லையோ பாரமாய் இட்டுத்தான் அவர்கள் கடலில் இறங்குவார்கள். பாரம் அடியில் இருந்தால் அலை சாய்த்தாலும் கலம் நிமிர்ந்துகொள்ளும்; பாரம் மேலே ஏறினால் சாய்ந்தது சாய்ந்ததுதான். மேல்தளத்தில் காற்று வாங்கவென்று மக்கள் ஏறுகையில் அந்தப் பாரம் மேலேறுகிறது. மேலும், ஆள் கூடக்கூடப் படகின் விளிம்பு நீர்மட்டத்தை நெருங்குகிறது. சிறு அலையும் உள்ளே புகுந்துவிடும். மூட்டைகளையாவது கயிற்றால் பிணைத்து வைக்கலாம். மனிதர் பிணைத்து வைக்கப்பட்டவரல்லர். படகு எப்பக்கம் சாய்கிறதோ அப்பக்கமே அவரும் சரிவார். சரிந்த பாரம் சாய்வை இன்னும் பெருக்கும். எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும். உள்தளத்தில் இருப்பவர் வெளியேற வழி தேடுவதற்குள் கூரை தலைகீழாகி அவர் காலடியில் வந்திருக்கும்.

இனி நம் வினாவுக்கு வருவோம். மூழ்கும் கப்பலில் மிகுதியானவர் எவர் என்னும் இதே வினாவை நம் இமாம்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுப்பியிருக்கிறார்கள். பாரம் தாளாமல் கப்பல் மூழ்கும் நிலை வந்தால் உயிரைக் காக்கச் சரக்கைக் கடலில் எறியலாம் என்பதில் ஃபிக்ஹுக் கலைஞர்க்குத் தயக்கமில்லை; எறியப்பட்ட சரக்கின் ஈட்டுத்தொகையை யார் ஏற்பது என்பதில்தான் அவர்கள் விரிவாய் ஆராய்ந்தனர். ஆனால் ஓர் ஆளை எறிந்தால் மற்றையோர் பிழைப்பார்கள் என்றால்? இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் 'அல்-முஸ்தஸ்ஃபா' என்னும் நூலில் இந்த எடுத்துக்காட்டை எடுத்துக்கொண்டு, அது கூடாது என்றே தீர்க்கிறார்கள். சீட்டுக் குலுக்கி ஒருவரைத் தேர்ந்தெடுப்பதற்கும் அடிப்படையில்லை என்பது அவர்கள் முடிவு. யூனுஸ் நபி (அலை) அவர்களின் வரலாற்றில் பாரம் நிறைந்த கப்பலில் சீட்டுக் குலுக்கப்பட்டதைத் திருக்குர்ஆன் வாயிலாக நாம் அறிவோம். அது ஒரு நபிக்கு நிகழ்ந்த தனி நிகழ்ச்சி, பிறர்க்கு வழிகாட்டும் சட்டமன்று.

இதனால் நமக்குக் கிடைப்பது யாது? நடுநீரில் அந்த வினாவுக்கு விடையே இல்லை என்பதுதான். கரையை விட்டு அகன்றபின் ஏறியிருக்கும் 37 பேரும் சமமான உயிர்கள். எவரையும் 'மிகுதி' என்று சுட்ட எவருக்கும் உரிமையில்லை. அந்த வினாவுக்கு விடையுள்ள இடம் ஒன்றே ஒன்று, அது படகுத்துறை. அங்கே நின்று எண்ணினால் 22-க்குப் பின் கால் வைப்பவருக்கு முகமுண்டு, பெயருண்டு. "நீங்கள் அடுத்த படகில் வாருங்கள்" என்று அவரிடம் சொல்லலாம். அவருக்கு அதில் இழப்பு ஏதுமில்லை. கயிறு அவிழ்ந்த மறுகணம் அந்தப் பெயர் மறைந்து, 37 பேர்மீதும் ஒரே நிழலாய்ப் படர்ந்துவிடுகிறது.

அப்படியானால் முதலில் ஏறி அமர்ந்த 22 பேரும் குற்றமற்றவர்களா? அவர்கள் விதிக்கு உட்பட்டே ஏறினார்கள். எனினும் 23-ஆம் ஆள் ஏறுவதைக் கண்டார்கள். 30-ஆம் ஆளுக்கு நெருக்கி இடமும் கொடுத்தார்கள். இங்கேதான் புகாரியில் நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் கப்பல் உவமை நினைவுக்கு வருகிறது. சீட்டுப் போட்டுச் சிலர் மேல்தளத்திலும் சிலர் கீழ்த்தளத்திலும் இடம் பெறுகிறார்கள். கீழே உள்ளவர்கள் தண்ணீருக்காக மேலே போய்வர வேண்டியிருக்கிறது. மேலே இருப்பவர்களுக்கு இடைஞ்சல் தரவேண்டாமே என்று, தம் பகுதியிலேயே துளையிட எண்ணுகிறார்கள். விட்டுவிட்டால் அனைவரும் அழிவர். தடுத்தால் அனைவரும் பிழைப்பர். இந்த ஹதீஸை எடுத்தாளும் பலரும் துளையிடுவோரைப் பொல்லாதவராகவே வருணித்துவிடுகின்றனர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய அந்த மனிதர்களிடத்தில் பகையே இல்லை. பிறருக்குத் தொல்லை கூடாதென்னும் நல்லெண்ணமே இருக்கிறது. நல்லெண்ணத்தோடு இட்ட துளையிலும் கடல் புகும்.

நம் படகுத்துறைகளிலும் இதைக் காணலாம். "குடும்பத்தைப் பிரிக்காதீர்கள், பாவம்" என்று இரங்குபவர், "குழந்தைதானே, மடியில் வைத்துக்கொள்கிறேன்" என்று கை நீட்டுபவர், "முதியவர் வெயிலில் நிற்கிறாரே" என்று நகர்ந்து இடம் விடுபவர் எல்லாரும் இரக்கமுள்ளவர்கள். மடியில் வைத்த குழந்தையைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பதோர் எழுதாச் சட்டம் நம்மிடையே உலவுகிறது. பேருந்தில் அது கட்டணத்தோடு முடிந்துபோகும் செய்தி. நீரில் அக்குழந்தைக்கும் ஓர் எடையுண்டு. அதற்குப் பொருந்தும் மிதவை அங்கிதான் பெரும்பாலும் இராது.

"என் உயிர், என் விருப்பம், ஆபத்தை அறிந்தே ஏறுகிறேன்" என்று வாதிடுவாரும் உண்டு. தனியே தோணி எடுத்துத் தனியே போகிறவர் அவ்வாறு சொன்னால் அவரோடு நாம் வேறு வகையில் பேசலாம். கூட்டத்தோடு ஏறியவர் அப்படிச் சொல்லல் ஆகாது. அவர் ஒப்பிய ஆபத்தை அடுத்த இருக்கையிலிருப்பவர் ஒப்பவில்லை. தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் ஒப்புதல் கேட்டவர் யார்? கவிழ்ந்தபின் இருட்டில் நீரில் குதித்துத் தேடும் மீனவர்களையும் இக்கணக்கில் சேர்க்க வேண்டும். தம் உயிரைப் பணயம் வைக்கும் அவர்களிடம் நாம் முன்கூட்டி இசைவு பெற்றிருக்கிறோமா?

மீனவர் என்றதும் மற்றொன்று சொல்லத் தோன்றுகிறது. பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' என்றொரு பழைய ஏற்பாடு உண்டு. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு முறைவைத்துக்கொள்வார்கள். ஒருவன் வலைக்கு மற்றவன் குறுக்கே வராமல் இருக்க ஏழை மக்கள் தாமே கண்ட ஒழுங்கு அது. அத்தகைய நீர்நிலைகளில்தான் பண்டிகை நாள்களில் இயந்திரப் படகுகள் சீறிப் பாய்கின்றன. விரைந்து செல்லும் படகு எழுப்பும் அலை, அதைச் செலுத்துபவனுக்குப் பின்னால் எழுகிறது. அவன் அதைக் காண்பதே இல்லை. துடுப்புப் படகில் இருப்பவர் தத்தளிப்பதும், கட்டிய வலை அறுவதும், இடுப்பளவு நீரில் நின்று இறால் தடவும் பெண்கள் நிலை தடுமாறுவதும் அவன் முதுகுக்குப் பின் நடப்பவை. திரும்பிப் பார்ப்பதற்குள் வெகுதூரம் போயிருப்பான். வேகத்துக்கு இப்படியொரு குணம்: தான் செய்த தீங்கைத் தன் கண்ணுக்குத் தெரியாமல் வைத்துவிடும்.

படகோட்டியை மட்டும் பிடித்துச் சிறையிலிட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளும் வழக்கமும் நமக்கு உவப்பாயில்லை. உரிமம் இல்லாமல், நேரம் தவறி, பேராசையால் படகு விடுபவன் தண்டிக்கப்பட வேண்டியவனே. அதில் இரு கருத்தில்லை. ஆனால் ஆண்டில் சில நாள்களே வருவாய் காண்பவனிடம் போய், கூடுதல் பணத்தை நீட்டி, "இன்னும் நாலு பேர்தானே" என்று நச்சரிப்பவர் யார்? மறுத்தால், "இவனுக்கு வந்த திமிரைப் பார்" என்று பக்கத்துப் படகுக்குப் போகிறவர் யார்? எண்ணி ஏற்றும் படகோட்டி அன்றைக்குக் கூலி இழக்கிறான்; எண்ணாமல் ஏற்றுபவன் பணம் காண்கிறான். இந்த ஏற்பாட்டை நடத்திக்கொடுப்பவர்கள் கரையில் நிற்கும் நாம்.

இங்கிலாந்தில் இதே நோய் ஒருகாலத்தில் பெருங்கப்பல்களைப் பிடித்திருந்தது. அளவுக்கு மீறிச் சரக்கேற்றிய பழங்கப்பல்களைச் 'சவப்பெட்டிக் கப்பல்கள்' என்றே மாலுமிகள் அழைத்தனர். கப்பல் மூழ்கினாலும் முதலாளிக்குக் காப்பீட்டுப் பணம் வந்துவிடும். சாமுவேல் பிளிம்சால் என்னும் பாராளுமன்ற உறுப்பினர் இடைவிடாது போராடியதன் பயனாய், 1876-இல் கப்பலின் புறத்தே ஒரு கோடு தீட்ட வேண்டுமெனச் சட்டம் பிறந்தது. கோடு நீருக்குள் அமிழ்ந்தால் பாரம் மிகுதி என்று பொருள். வேடிக்கை என்னவெனில், அந்தக் கோட்டை எந்த உயரத்தில் இடுவது என்பதை அச்சட்டம் முதலாளிகளிடமே விட்டுவைத்தது! 1890-இல்தான் அந்த இடத்தையும் சட்டம் தன் கையில் எடுத்துக்கொண்டது. இன்று உலகெங்கும் பெரிய சரக்குக் கப்பல்களில் அக்கோட்டைக் காணலாம். அதன் சிறப்பு, கப்பலில் உள்ளவர் மட்டுமன்றித் துறைமுகத்தில் நிற்கும் எழுத்தறியாத கூலியாளும் கண்ணாலே கண்டு, "மிகுதி" என்று சொல்லிவிடலாம் என்பது.

நம் சுற்றுலாப் படகுகளிலும் ஆள் தொகையை எழுதி வைத்திருப்பதுண்டு. பெரும்பாலும் படகின் உட்புறத்தில், ஏறி அமர்ந்தபின் முதுகை மறைத்துக்கொள்ளும் பலகையில். அந்த எண் துறையின் வாயிலில், ஏறுமுன் கண்ணில் படும்படி, பிள்ளைகளும் உரக்கப் படிக்கும்படி பெரிதாய் இருக்கட்டும். அடுத்த பெருநாள் விடுமுறையில் ஏரிக்கோ காயலுக்கோ போகும் குடும்பங்களில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை ஒன்றேனும் இருக்கும். அதனிடம் எண்ணும் வேலையைக் கொடுங்கள். தொகை முடிந்ததும் மீந்திருப்பவர் கரையில் நிற்கட்டும். படகு போய்த் திரும்ப அரைமணி நேரம் ஆகலாம். வீட்டுப் பெரியவர் ஒருவர் அவர்களோடு நிற்பாரானால் பிள்ளைகளும் அழமாட்டார்கள்.