களைத்தவனின் ரசனை

நம் விமர்சனத்தில் களைப்பு என்ற சொல்லே கிடையாது. தரம் உண்டு, மரபு உண்டு, பிரக்ஞை உண்டு. வாசகன் என்று ஒருவனும் உண்டு. ஆனால் அவன் எப்போதும் நன்றாகத் தூங்கி எழுந்தவன். காப்பி குடித்துவிட்டு, முன்னால் ஒரு நீண்ட பகலை வைத்துக்கொண்டு புத்தகத்தைத் திறக்கிறவன். அப்படிப்பட்டவன் மட்டமான ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அது அவன் குற்றமாகத்தான் இருக்க முடியும். நான் பார்க்கிற வாசகன், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், ராத்திரி எட்டரை மணிக்கு வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறவன். கைக்கு எட்டுவதை எடுத்துக்கொள்கிறான். அப்படி எடுத்துக்கொள்வதை வைத்து அவன் ரசனையைத் தீர்மானிப்பது நியாயமா? இலக்கியக் கேள்விபோலத் தோன்றினாலும் இது ஒழுக்கம் பற்றிய கேள்வி என்றே எனக்குப் படுகிறது. ஒருவன் தன் மனதுக்குச் செய்யவேண்டிய கடமை என்று ஒன்று இருக்குமானால், களைத்துக் கிடக்கும்போதும் அந்தக் கடமை அவனுக்கு உண்டா?

இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. ஒன்று பழையது. க.நா.சு. காலத்திலிருந்து சிறுபத்திரிகைகளில் பலர் பல குரல்களில் சொல்லிவந்தது: ஜனரஞ்சகம் ரசனையைக் கெடுக்கிறது, அதோடு சமரசம் கூடாது. அந்தக் கோபத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். அது இருந்திராவிட்டால் நாம் இன்று படிக்கிற எழுத்தாளர்களில் பலருடைய பெயரே நமக்குத் தெரிந்திராது. இன்னொரு பதில் பிற்பாடு கருத்தரங்குகள் வழியாக வந்தது. ஜனங்கள் விரும்புவது ஜனங்களுடையது, அதற்குள் கொண்டாட்டமும் எதிர்ப்பும் ஒளிந்திருக்கின்றன, அதைக் குறைசொல்வது மேட்டிமைத்தனம் என்கிறது அது. முதல் கட்சிக்காரர் களைத்தவனைத் திட்டுகிறார். இரண்டாம் கட்சிக்காரர் அவனைப் புகழ்கிறார். 'ஏனப்பா வீட்டுக்கு வர இவ்வளவு நேரம்?' என்று இருவருமே அவனைக் கேட்பதில்லை.

முதல் கட்சியின் கையில் அதிகாரம் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சரித்திரத்தில் ஒரு சான்று இருக்கிறது. 1952இல் மத்திய அரசின் தகவல் ஒலிபரப்பு மந்திரியாக வந்த பி. வி. கேஸ்கர் சாஸ்திரீய சங்கீதத்தில் மிகுந்த பற்றுள்ளவர். சினிமாப் பாட்டு ஜனங்களின் ரசனையைக் கெடுக்கிறது என்பது அவர் கட்சி. அவர் வந்தபின் ஆல் இந்தியா ரேடியோவிலிருந்து சினிமாப் பாட்டு அநேகமாக மறைந்தே போயிற்று. ஜனங்கள் அதனால் ராக ஆலாபனைக்குத் திரும்பிவிடவில்லை. முள்ளைத் திருப்பி இலங்கை வானொலியைப் பிடித்தார்கள். 1957 அக்டோபரில் விவித் பாரதி ஆரம்பமாயிற்று. அரசாங்கம் ஐந்து வருஷத்தில் இறங்கிவந்தது. இந்தக் கதையை வழக்கமாகக் கேஸ்கரைக் கேலிசெய்வதற்காகச் சொல்வார்கள். அவர் ரசனையில் எனக்குக் கோளாறு எதுவும் தெரியவில்லை. அவர் காலத்து வானொலி வித்வான்களுக்குச் செய்த உபகாரமும் சிறியதல்ல. சாயங்காலம் ஷிப்ட் முடிந்து டீக்கடை ரேடியோவின் முன்னால் வந்து நிற்கிறவனுடைய முதுகு அவர் கணக்கில் வரவில்லை, அவ்வளவுதான். இலங்கை வானொலியின் கணக்கில் அது வந்தது. ஆனால் அந்த வர்த்தக ஒலிபரப்பு அவனுக்குப் பாட்டைத் தர்மமாகக் கொடுக்கவில்லை. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே பற்பசை இருந்தது. இதை இரண்டாம் கட்சிக்காரர் கவனிக்க வேண்டும்.

*

'காஃப்கா ஆபீசுக்குப் போகவில்லையா? எலியட் பாங்கில் குமாஸ்தாவாக இருக்கவில்லையா?' என்று கேட்கிற நண்பர்கள் உண்டு. களைப்பு என்பது சாக்குப்போக்கு, மனமிருந்தால் யாரும் எதையும் படிக்கலாம், எழுதலாம் என்பது இதன் பொருள். பாங்கில் வேலை பார்க்கிறவனிடம் இதைச் சொல்லும்போது கூடுதல் உற்சாகத்தோடு சொல்கிறார்கள். ஆகவே இதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்பது நல்லது.

காஃப்கா 1908இலிருந்து 1922 வரை பிராகில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் இருந்தார். வேலை நேரம் காலை எட்டு மணியிலிருந்து பகல் இரண்டு மணி வரை. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்கிவிட்டு ராத்திரியில் எழுதுவார். 1912 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு பத்து மணிக்கு உட்கார்ந்து, மறுநாள் காலை ஆறு மணிக்கு ஒரே மூச்சில் 'தீர்ப்பு' கதையை முடித்தார். பகல் இரண்டு மணிக்கு விடுகிற ஆபீஸ்கூட அவரை வதைத்தது என்பது டயரிகளில் பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது.

எலியட் 1917இலிருந்து 1925 வரை லண்டன் லாயிட்ஸ் பாங்கில் இருந்தார். பி.ஏ. வகுப்பில் 'பாழ்நிலம்' படித்தபோது எனக்கு அதன் மேற்கோள்களும் அடிக்குறிப்புகளும்தான் பெரிதாகத் தெரிந்தன. பின்னால்தான் ஒரு சிறிய விவரம் கண்ணில் பட்டது. 1921இல் எலியட்டின் உடம்பும் மனமும் ஒருசேரத் தளர்ந்துபோயின. பாங்க் அவருக்கு மூன்று மாத லீவு கொடுத்தது. மார்கேட் கடற்கரையிலும் பிறகு சுவிட்சர்லாந்தில் லோசானிலும் அந்த லீவைக் கழித்தபோதுதான் கவிதையின் பெரும்பகுதி உருவாகி முடிந்தது. மறுவருஷம் அச்சில் வந்தது. 'பாழ்நிலம்' ஒரு பாங்க் குமாஸ்தா எழுதிய கவிதை என்பது வாஸ்தவம். அவர் லீவில் இருந்தபோது எழுதியது என்பதும் வாஸ்தவம். நம் நண்பர்கள் முதல் வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

ஆக, களைப்பை உழைப்பால் வென்றதற்கு உதாரணமாகக் காட்டப்படுகிற இருவருமே, களைப்பிலிருந்து சில மணி நேரமோ சில மாதமோ விலகியிருக்கக் கிடைத்ததற்குத்தான் உதாரணம். மேதைமை வேறு விஷயம். ஆனால் மேதைக்கே லீவு தேவைப்பட்டிருக்கிறது.

*

களைப்பு என்று நான் சொல்வது எது என்பதற்கு என் அனுபவத்திலிருந்து ஒன்றைச் சொல்கிறேன். 2016 நவம்பர் 8ஆம் தேதி ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். மறுநாள் பாங்குகள் மூடியிருந்தன. பத்தாம் தேதி கதவு திறந்தபோது வரிசை தெருமுனை திரும்பியிருந்தது. அந்த வாரம் சனி, ஞாயிறும் வேலை. ஆளுக்கு நாலாயிரம் ரூபாய்வரை மாற்றித் தர வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு படிவம், ஒரு அடையாள அட்டை நகல். ராத்திரி கணக்கு நேராகும்வரை எழுந்திருக்க முடியாது. வீட்டுக்கு வந்தால் விரல் நுனியில் நோட்டின் அழுக்கு, கண்ணுக்குள் எண்கள். மேஜைமேல் பாதி படித்த புத்தகம் கிடந்தது. அதைத் தொடத் தோன்றவில்லை. அந்த நாட்களில் தினமும் பார்த்தது வடிவேலுவின் நகைச்சுவைக் காட்சிகளை மட்டும்தான். குறிப்பாக 2003இல் வந்த 'வின்னர்' படத்தின் கைப்புள்ள. வருத்தப்படாத வாலிபர் சங்கத்தின் தலைவன். சவால் விடுவான், போய் உதை வாங்குவான், வலியை வெளியே காட்டிக்கொள்ளாமல் தலைமைப் பதவியைக் காப்பாற்றிக்கொண்டு திரும்புவான். பலமுறை பார்த்த காட்சி, அடுத்து என்ன வரும் என்று தெரியும். தெரிந்ததனால்தான் அது இளைப்பாறுதலாக இருந்தது. வாய்விட்டுச் சிரித்தேன். தூங்கினேன்.

அந்த வாரத்திலேயே ஒருநாள், வரிசையில் ஒரு பெரியவர். நாலைந்து மணி நேரம் நின்றிருப்பார். முன்னும் பின்னும் இருக்கிறவர்களிடம் சத்தமாகப் பேசிக்கொண்டே வந்தார். தனக்கு இதெல்லாம் ஒரு பணமே இல்லை, மேனேஜரைத் தெரியும், ஒரு வார்த்தை சொன்னால் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார்கள், நாலு பேரோடு நிற்கவேண்டும் என்றுதான் நிற்கிறேன், என்கிற பாணியில். கவுண்ட்டருக்கு வந்ததும் மஞ்சள் பையிலிருந்து ஆதார் நகலில் சுற்றிவைத்த எட்டு ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை எடுத்து வைத்தார். பின்னாலிருந்து ஒரு பையன், 'என்ன கைப்புள்ள, அவ்வளவுதானா?' என்றான். வரிசையே சிரித்தது. பெரியவரும் சேர்ந்து சிரித்தார்.

அவர் சிரித்ததை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. உதை வாங்கிக்கொண்டு அதைக் காட்டிக்கொள்ளாத அந்த முகத்தைத்தான் ராத்திரிதோறும் பார்த்து நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

இங்கே அந்தக் காட்சியைப் பற்றிய விமர்சனம் தொடங்குகிறது. சாப்ளினின் நாடோடியும் உதை வாங்குகிறவன்தான். ஆனால் சந்தர்ப்பம் கிடைத்தால் போலீஸ்காரனைத் திருப்பி உதைப்பான். அரங்கம் சிரிப்பது அதற்கும் சேர்த்துத்தான். நம் நகைச்சுவையில் உதை மேலிருந்து கீழேதான் பெரும்பாலும் விழுகிறது. கவுண்டமணி செந்திலை உதைத்தார். செந்திலின் நிறமும் உடம்பும்கூட உதைக்கக் காரணமாயின, ஊரே சிரித்தது. வடிவேலு தன்னைத்தானே உதைபடுகிறவனாக்கிக்கொண்டது அடுத்த கட்டம். கைப்புள்ளையின் குற்றம் என்ன? தன் தகுதிக்கு மேலாக ஒரு கௌரவத்துக்கு ஆசைப்பட்டது. அந்த ஆசைக்குத் தண்டனை கிடைக்கும்போது நமக்குச் சந்தோஷமாக இருக்கிறது. அதே சமயத்தில், அந்தக் கௌரவத்தை அவன் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் விதத்தில் நாம் நம்மைப் பார்த்தும்விடுகிறோம். வடிவேலுவின் முகம் இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் செய்கிறது. அது சாதாரணத் திறமை இல்லை. ஆனால் உதை விழுந்தால்தான் காட்சி முடியும் என்பது அவர் கையில் இல்லாத நிர்ப்பந்தம். பையன் எடுத்துக்கொண்டது உதையை. அதே காட்சியிலிருந்து முகத்தையும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டில் எது நம்மோடு வரும் என்பதைக் காட்சி தீர்மானிப்பதில்லை.

எது தீர்மானிக்கிறது? என் விஷயத்தில் என்னால் ஓரளவு சொல்ல முடியும். அசோகமித்திரனின் 'புலிக்கலைஞன்' கதையைக் கல்லூரி நாட்களில் படித்திருந்தேன். சினிமாக் கம்பெனி அலுவலகத்துக்கு வேலை கேட்டு ஒருவன் வருகிறான். அசட்டையாகப் பார்க்கிறவர்கள் முன்னால் புலியாகிக் காட்டுகிறான். பிறகு மறுபடியும் வேலை கேட்டுக் கெஞ்சுகிற மனிதனாகிறான். கௌரவமும் கெஞ்சலும் ஒரே உடம்பில் இருப்பதை, உதையும் விழாமல் மாலையும் விழாமல், அசோகமித்திரன் பேசாமல் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார். சினிமாக் கம்பெனியில் வருஷக்கணக்காக வேலை பார்த்தவர் அவர். அந்த உலகத்தின்மேல் அவருக்கு வெறுப்பும் இல்லை, மயக்கமும் இல்லை. அந்த நவம்பர் வாரத்தில் அந்தக் கதையை நான் நினைத்துப் பார்க்கக்கூட இல்லை. நினைக்கும் தெம்பும் இல்லை. ஆனால் பெரியவர் சிரித்தபோது எனக்குச் சிரிப்பு வராமல் போனதற்கு அந்தக் கதை எங்கோ உள்ளே கிடந்தது ஒரு காரணம் என்று நம்புகிறேன். தெளிந்திருக்கும்போது படித்தது, களைத்திருக்கும்போது நம் அனுமதியைக் கேட்காமலே வேலை செய்கிறது. நல்ல இலக்கியம் மனிதனை மேம்படுத்தும் என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன். நிறையப் படித்த அற்பர்களை நமக்குத் தெரியும். ஒரு சிரிப்பைச் சில வேளை தடுக்கும், அவ்வளவே.

*

அப்படியானால் களைத்தவனுக்குக் கடமை உண்டா? அந்த நேரத்தில் இல்லை என்றே நினைக்கிறேன். ராத்திரி பத்து மணிக்குக் காஃப்காவைப் படிக்காததற்காக ஒருவனும் வெட்கப்பட வேண்டியதில்லை. இளைப்பாறுவது சோறுபோல ஒரு தேவை. ஆனால் பசிக்கிறவனுக்குக் கிடைத்ததையெல்லாம் நல்ல சோறு என்று சொல்லிவிட முடியாது. கொடுக்கப்பட்டது இளைப்பாற விட்டதா, அல்லது களைப்பையே சரக்காக்கி அவனிடம் திருப்பி விற்றதா என்று பார்க்க வேண்டும்.

இதற்கு ஒரு எளிய அளவுகோல் எனக்குத் தென்படுகிறது: அதற்கு ஒரு முடிவு இருக்கிறதா? நான் சிறுவனாக இருந்தபோது தூர்தர்ஷனில் வெள்ளிக்கிழமைதோறும் 'ஒளியும் ஒலியும்'. கொஞ்ச நேரம் சினிமாப் பாட்டு. முடிந்தவுடன் எல்லோரும் எழுந்து வெளியே வருவார்கள். மிச்ச ராத்திரி அவரவருடையது. அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. டி.வி. இருந்த வீட்டில் யார் நாற்காலியில் உட்கார்ந்தார்கள், யார் தரையில் உட்கார்ந்தார்கள், யார் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தார்கள் என்பதும் எனக்கு நினைவிருக்கிறது. பழைய பாட்டைக் கேட்டு உருகுகிறவர்கள் ஜன்னலை மறந்துவிடுகிறார்கள். முடிவு என்ற ஒன்றைப் பற்றி மட்டும்தான் சொல்கிறேன். பிறகு வந்த தொலைக்காட்சித் தொடர்கள் 'தொடரும்' என்றாவது போட்டு எழுந்து போக அனுமதித்தன. இன்று கைபேசியில் ஓடுகிற அரைநிமிஷத் துண்டுகளில் அந்தச் சொல்லும் இல்லை. விரல் நகர்ந்தால் அடுத்தது. களைப்பாற எடுத்தவன் ஒரு மணிக்கு இன்னும் களைத்துப்போய்க் கீழே வைக்கிறான். அவன் சிரித்தானா என்பதுகூட அவனுக்கு ஞாபகமில்லை. இதை ஜனங்களின் கலை என்று புகழ்கிறவர்களைவிட எனக்குக் கேஸ்கர் மேலானவராகத் தெரிகிறார்.

கடமை இருக்குமானால் அது களைப்பில்லாத நேரத்தின் மேல்தான் விழுகிறது. அந்த நேரம் யாருக்கு எவ்வளவு கிடைக்கிறது என்பது ரசனையின் கேள்வி இல்லை. சம்பளம், வேலை நேரம், வீட்டில் யார் பாத்திரம் தேய்க்கிறார்கள் என்பவற்றின் கேள்வி. ஆபீசிலிருந்து வந்து அடுப்படிக்குள் நுழைகிற பெண்ணுக்கு எலியட்டின் மூன்று மாதத்தை யார் கொடுத்தார்கள்? இதைக் கேட்காமல் அவள் பார்க்கிற தொடரைப் பற்றி நாம் எழுதுகிற எந்தக் கட்டுரைக்கும் அடித்தளம் கிடையாது. 2015 செப்டம்பரிலிருந்து பாங்குகளுக்கு இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகள் விடுமுறை. சங்கங்கள் பேசி வாங்கியது. மாதத்தில் இரண்டு பகல். தமிழில் ரசனையின் சரித்திரத்தை யாராவது எழுத உட்கார்ந்தால் இந்த மாதிரி விவரங்களுக்கும் அதில் ஒரு அத்தியாயம் ஒதுக்க வேண்டும்.